லக்கேஜ் குறைந்திருக்கிறது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு முட்டித் தேய்மானம் என்றதிலிருந்து "நடக்காதீங்கப்பா, உட்காருங்க" என்கிறாய். ஒரு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். தொடை இளைத்துப்போய் முட்டி இன்னும் மோசமானதுதான் மிச்சம். 'தேய்மானம்' என்ற சொல்லே ஆளை ஏமாற்றுகிறது. செருப்பு மாதிரி நடக்க நடக்கத் தேயும் என்று நினைத்துவிடுகிறோம். எலும்பு நுனியில் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாதாம். காலை மடக்கி நீட்டும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்குச் சாப்பாடு போகிறது.

காலையில் முட்டி விறைப்பது எவ்வளவு நேரம் இருக்கும் என்று டாக்டர் கேட்டார். பத்து நிமிஷம் என்றேன். அரை மணிக்குள் விட்டுப்போனால் பெரும்பாலும் தேய்மானம்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், உடம்பே தன் மூட்டுகளைத் தாக்குகிற முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும் என்றார். நீ பார்த்துப் பயந்தாயே, அந்த எக்ஸ்ரேயை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் மோசமாக இருந்தும் வலியில்லாமல் திரிகிறவர்கள் உண்டாம்.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டி, காலை நேராக நீட்டிப் பிடிக்கிறேன். முதல் வாரம் வலி கூடியது. பிசியோ பெண்ணை மனதுக்குள் திட்டினேன். ஆறாவது வாரம் மாடிப்படி ஏறினேன்.

எடை 84-லிருந்து 79 ஆகியிருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறையுமாம். 28 வருஷம் கண்டக்டராக இருந்தவன் கணக்கில், 20 கிலோ லக்கேஜ் இறங்கியாயிற்று.

உன்னிடம் மறைத்த ஒன்று. ஆறு மாதம் மருந்துக்கடையில் நானே வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். பிரஷரும் இருக்கிற ஆள். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ஏறியிருந்தது, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாத்திரையை நிறுத்திய பிறகு இறங்கிவிட்டது, பயப்படாதே. இப்போது டைக்ளோஃபெனாக் ஜெல் மட்டும் தடவுகிறேன். அப்புறம், வலது முட்டிக்கு ஊன்றுகோலை இடது கையில் பிடிக்க வேண்டுமாம். இத்தனை நாள் வலது கையில் பிடித்து நொண்டியிருக்கிறேன்!

மூட்டுக்கு நல்லது என்று நீ அனுப்பிய குளுக்கோசமைன் மாத்திரை டப்பா அலமாரியில் இருக்கிறது. அமெரிக்காவில் 1,500 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் வெற்று மாத்திரையை விட அது பெரிதாக எதுவும் செய்யவில்லையாம். இனி அனுப்பாதே.

ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்லை. ராத்திரி தூக்கம் கெட்டு, பாத்ரூம் வரை கூடப் போக முடியாமல் ஆனால் செய்துகொள்கிறேன். செயற்கை மூட்டுக்கு 2017-ல் அரசு விலை வரம்பு வைத்தது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. அந்தச் செலவுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

இப்போதைக்கு, நீ அனுப்பிய பணத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கிறேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவதுதான் பெரிய பாடு. கொத்தனார் செவ்வாய்க்கிழமை வருகிறார். கைப்பிடி கம்பி எந்தப் பக்கம் வைப்பது என்று உன் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை நடக்கிறது. நீ போன் செய்தால் என் பக்கம் பேசு.

அப்பா