மரத்தடியில் அரை மணி நேரம்: குத்தகைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரம் வெட்டும் குத்தகை எடுக்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தாய் என்று சொன்னால்தான் விளங்கும். மலாயில் அதற்குத் 'தொங்கும் கட்டை' என்று பொருள். பெயரை மாற்றிவிட்டார்கள், சரி. ஊரில் தொங்கிப் பிழைக்கிறவர்கள் குறையவில்லை. நானும் 18 வருடம் அப்படித் தொங்கியவன்தான்.

போன மாதம் ஒரு தாமான் (குடியிருப்பு) ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்துக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். ஏறியிருந்த பையனுக்கு 20 வயது இருக்கும். அவன் மாட்டியிருந்தது கட்டட வேலைக்காரர்கள் உடம்பில் மாட்டுகிற பாதுகாப்பு வார், ஹார்னஸ். கயிறு மாட்டும் வளையம் முதுகில். ஹார்ட்வேர் கடை நீலக் கயிறு ஒன்று. நான் நின்று பார்ப்பதைக் கண்டு, லோரியில் சாய்ந்திருந்தவர், "பெல்ட்டு போட்டிருக்கான்ல, அப்புறம் என்ன?" என்றார். அவருக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதுகு வளைய ஹார்னஸ் கெட்ட சாமான் இல்லை. விழுந்தவனைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்தது அது. மரமேறி கயிற்றில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். எடை இடுப்பிலும் தொடையிலும் இறங்க வேண்டும், கயிறு தொப்புளுக்கு நேரே முன்னால் வர வேண்டும். அதற்கென்று இருக்கும் ஹார்னஸின் லேபிளில் ஈஎன் 813, ஈஎன் 358 என்று இரண்டு ஐரோப்பியத் தர எண்களும் இருக்கும். முதலாவது உட்கார்ந்து தொங்குவதற்கு, இரண்டாவது இடுப்பு வளையங்களில் கயிறு மாட்டி மரத்தைச் சுற்றிப் போட்டுச் சாய்ந்து நிற்பதற்கு. லேபிள் கிழிந்த ஹார்னஸை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

அந்த நீலக் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். சுமார் 165 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிவிடும். கயிறு கயிற்றோடு உரசினால் அந்தச் சூடு வருவதற்கு அதிக நேரம் ஆகாது. மரமேறும் கயிற்றில் ஈஎன் 1891, ஏ வகை என்று போட்டிருக்கும். நீளமும் முக்கியம். 20 மீட்டர் உயரக் கவட்டையில் போட்டால் கயிறு ஏறி இறங்கவே 40 மீட்டர் போய்விடும். 45 மீட்டர் கயிறு எடுத்து, நுனியில் மறக்காமல் ஒரு முடிச்சுப் போட வேண்டும். இறங்கும்போது கயிறு தீர்ந்துபோனால் அந்த முடிச்சுதான் நிறுத்தும்.

என் தாத்தா கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னந்தோட்டத்தில் கள் இறக்கியவர். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஏறவில்லையா என்று கேட்பீர்கள். ஏறினார். தாத்தா கையில் சைன்சா என்கிற சங்கிலி ரம்பம் இல்லை.

என் கையில் இருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு அங்சானா மரத்தில், கிளைக்குப் பின்னால் என் இடுப்புக் கயிறு சுற்றியிருந்ததை மறந்து சங்கிலியை இறக்கினேன். கயிறு ஒரு நொடியில் போனது. சாய்ந்தேன், ஊசலாடித் தண்டில் மோதினேன், தோள் வீங்கியது. மேலே கவட்டையில் ஏறு கயிறும் மாட்டியிருந்ததால்தான் வீட்டுக்கு வந்தேன். சைன்சா ஓடும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும் என்பது இதற்குத்தான். இடுப்புக் கயிறு உள்ளே இரும்பு வடம் ஓடுவதாக இருந்தால் நல்லது. அதையும் சங்கிலி அறுக்கும், ஆனால் சுதாரிக்க ஒரு கணம் கிடைக்கும்.

இனி மரத்தடி வேலை. இடுப்பு வார் இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. தொடை வாருக்குள் விரித்த கை தட்டையாக நுழைய வேண்டும், கையை முஷ்டியாக மடக்கினால் நுழையக் கூடாது. முன்னால் இடுப்பின் இரு பக்கத்தையும் சேர்க்கும் குட்டைக் கயிற்றை, நாங்கள் பிரிட்ஜ் என்போம், விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முழு உடம்பும் அதில்தான் தொங்குகிறது, முதலில் தேய்வதும் அதுதான். கயிறு மாட்டும் கொக்கி, அதாவது கராபினர், தூக்கித் திருப்பி அழுத்தினால் மட்டும் திறக்கிற வகையாக இருக்கட்டும். திருகுப் பூட்டு, குச்சி உரசி உரசியே கழன்றுவிடும்.

அப்புறம் முழங்கால் உயரத்தில் ஐந்து நிமிடம் தொங்க வேண்டும். வார் விலாவுக்கு ஏறுகிறதா, கால் மரக்கிறதா, ஏறு கயிற்றில் ஆளைப் பிடித்து நிறுத்தும் பிடிமுடிச்சு இறுகுகிறதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். புதுப் பையன்கள் பயத்தில் அந்த முடிச்சையே இறுக்கிப் பிடிப்பார்கள். பிடித்து இழுத்தால் அது வழுக்கும், கையை விட்டால்தான் நிற்கும். இதை மேலே போய்க் கற்றுக்கொள்ள முடியாது.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். நீங்களோ மரக் கணக்கில் கூலி தருகிறீர்கள். அந்த அரை மணி நேரத்தைப் பையன் தன் கூலியிலிருந்து திருட வேண்டியிருக்கிறது. நல்ல ஹார்னஸ் ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் என்பது எனக்கும் தெரியும். டெண்டர் போடும்போதே சாமானையும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். குறைத்துப் போடுகிறவன் கைக்கு வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. எல்லோரும் சேர்த்துப் போட்டால் அந்தப் பயமும் போய்விடும்.

வாங்கினதை லோரிப் பின்னால் பெட்ரோல் டப்பாவோடும் பழைய பேட்டரியோடும் வீசாதீர்கள். பேட்டரி அமிலம் பட்ட நைலான் வார் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும்.

கீழே ஏறத் தெரிந்த இன்னொருவரும் இன்னொரு செட் சாமானும் தேவை. மயங்கித் தொங்குகிறவனுக்குச் சில நிமிடங்களிலேயே ஆபத்து. பொம்பா (தீயணைப்புப் படை) வரும்வரை அவனால் காத்திருக்க முடியாது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதிகபட்ச அபராதம் 5 லட்சம் வெள்ளி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நினைத்தால் விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. உங்கள் பையன்களுக்கு இதை நீங்களே சொன்னால் நன்றாயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சும்மாதான் இருக்கிறேன். என் வீட்டுப் பின்னால் ஒரு மாமரம் இருக்கிறது, கயிறு போட்டுத் தருகிறேன். பையன்களை அனுப்புங்கள். முதலாளி, நீங்களும் வந்து ஐந்து நிமிடம் தொங்கிப் பாருங்கள். லோரிச் சாவியை மட்டும் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள், தொடை வார் இறுகும்போது குத்தும்.

இப்படிக்கு,
ஒரு பழைய மரமேறி
பெஸ்தாரி ஜெயா