நெதர்லாந்தின் வாகனிங்கனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஓரத்தில் அம்மா எழுதியதையும் படித்தேன். அம்மா, நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். இங்கே மதியச் சாப்பாடு ரொட்டியும் சீஸும்தான். பெரியவர்கள்கூட ரொட்டிமேல் வெண்ணெய் தடவி, சாக்லேட் தூவல் போட்டுச் சாப்பிடுகிறார்கள். ராத்திரி சோறு வைத்துக்கொள்கிறேன். நீ கொடுத்த பருப்புப்பொடி இன்னும் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கிறேன். பனியைவிட இங்கே காற்றும் மழையும்தான் அதிகம். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தால் காது மரத்துப் போகும். பழைய கோட்டே போதும், புதிது வாங்கவில்லை.

அப்பா, மாட்டு டாக்டர் ஆகாத படிப்பு எதற்கு என்று சித்தப்பா கேட்டாராமே. நோய் வந்த மாட்டை டாக்டர் பார்ப்பார். மாடு என்ன தின்றால் நோயில்லாமல் பால் கொடுக்கும், எந்தக் காளைக்கு எந்தப் பசுவைச் சேர்ப்பது, கொட்டகை எப்படி இருந்தால் மாடு நிம்மதியாகப் படுக்கும் என்பதெல்லாம் எங்கள் கால்நடை அறிவியல் படிப்பு. நல்ல கறவை மாடு ஒரு நாளில் பாதி நேரம் படுத்திருக்க வேண்டும் அப்பா. படுக்க இடம் சரியில்லை என்றால் பாலும் குறையும், காலும் கெடும். படித்து முடித்தவர்கள் தீவனக் கம்பெனியில் கலவைக் கணக்குப் போடுகிறார்கள், காளைகளின் மரபணுவைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள், கால்நடைகளைச் சரியாக நடத்துகிறார்களா என்று பண்ணைகளில் சோதனைக்குப் போகிறார்கள், சிலர் ஆராய்ச்சிக்குப் போகிறார்கள். நம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கும் தீவனம் தெரிந்த ஆள் வேண்டும். எனக்கும் மனசு தீவனத்தில்தான். விலாவில் துளை போட்டு ரப்பர் மூடி வைத்த பசுவை இங்கே பார்த்தேன். இரைப்பைக்குள் கைவிட்டுத் தீவனம் எவ்வளவு செரித்திருக்கிறது என்று எடுத்துப் பார்க்கிறார்கள், அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

1992-லேயே இந்த நாட்டுப் பண்ணைகளில் பால் கறக்கும் ரோபோ வந்துவிட்டது. பசு தானாகப் போய் நிற்கும். கழுத்துப் பட்டையை வைத்து எந்தப் பசு என்று அறிந்து, காம்பைக் கழுவிக் கறந்துவிடும். பக்கத்து வீட்டுத் தாத்தா மட்டும் அதைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுவார். பண்ணையை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தவர். ராத்திரியிலும் ஜன்னல் திரையை மூட மாட்டார். தன் பசுக்களின் போட்டோவை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காபி கொடுத்து ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்வார். அவருக்கும் பேச ஆள் வேண்டுமே என்று போய் உட்காருவேன்.

பணம் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை ஒரு பண்ணையில் வேலை இருக்கிறது. வாரம் 16 மணி நேரத்துக்கு மேல் எங்களை வேலை செய்ய விடமாட்டார்கள், ஆனாலும் சமாளிக்கலாம்.

நான் வேலை செய்யும் பண்ணைக்கு எல்லாத் தீவனமும் லாரியில் வருகிறது. போன வாரம் கொட்டகையில் நிற்கும்போது, ஊறவைத்த பருத்திக்கொட்டை வாசனை எங்கிருந்தோ வந்தது மாதிரி இருந்தது. வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன் அம்மா. செவலை கன்று போட்டுவிட்டாளா? ஆத்தா கண் எப்படி இருக்கிறது? யாருமே எழுதவில்லை.

அப்பா, செவலை கன்று போட்டதும் நஞ்சுக்கொடி விழட்டும் என்று ஆத்தா காத்திருக்கச் சொல்வார், காத்திருக்காதீர்கள். பிறந்த கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி சீம்பாலில்தான் வரவேண்டும். ஒரு நாள் போய்விட்டால் குடல் அதை உள்ளே வாங்காது. இரண்டு மணி நேரத்துக்குள், 30 கிலோ கன்று என்றால் 3 லிட்டர். அப்புறம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள். தொட்டியில் நாள் பூராவும் தண்ணீர் இருக்கட்டும்.

கவிதா கல்யாணத்துக்காகச் செவலையை விற்க வேண்டாம். சொசைட்டிக் கடனைப் புதுப்பிக்க முடியுமா என்று மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள். தென்னந்தோப்புப் பத்திரத்தைச் சித்தப்பா கேட்டால், நான் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டில் தேதி கேட்டால் ஆவணியில் வையுங்கள், ஜூலையில் எனக்கு வகுப்பு முடிகிறது. டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகன்,
செந்தில்