மிஸ் எப்படின்னு பிள்ளைகிட்டயும் கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ப்ரீகேஜி ஸ்கூல்ல வருஷக் கடைசில ஃபீட்பேக் ஃபார்ம் குடுக்கறாங்க, வேன் டைமுக்கு வருதா, மிஸ் நல்லா பாத்துக்கறாங்களான்னு எல்லாத்துக்கும் அப்பா அம்மாதான் டிக் அடிக்கணும், அந்த மிஸ்கூடவே இருக்கற வாண்டுகிட்ட ஒரு வார்த்தை கேக்கறதில்ல. ஆராய்ச்சிலயும் ரொம்ப காலம் இதே கதைதான். டீச்சருக்கும் பிள்ளைக்கும் உறவு எப்படி இருக்குன்னு அளக்க அமெரிக்காவுல ராபர்ட் பியான்டாங்கற ஆராய்ச்சியாளர் உருவாக்குன 28 கேள்வி அளவுகோல் ரொம்ப ஃபேமஸ், ஆனா பதில் சொல்றது டீச்சர்!

நாலு வயசுக்கு என்ன தெரியும்பீங்க. நேரா 'மிஸ்ஸ பிடிக்குமா'ன்னு கேட்டா தலையாட்டத்தான் செய்யும், நமக்கு எது பிடிக்கும்னு அதுங்களுக்கு நல்லாவே தெரியும் (கேடிங்க). இதுக்குன்னே பெர்க்லி பொம்மை நேர்காணல்னு ஒரு முறை இருக்கு. இக்கி, ஜிக்கின்னு ஒரே மாதிரி ரெண்டு நாய்க்குட்டி கைப்பொம்மை, ஒண்ணு 'எங்க மிஸ்ஸ எனக்குப் பிடிக்கும்'னும் இன்னொண்ணு 'எனக்குப் பிடிக்காது'ன்னும் சொல்லிட்டு 'நீ எப்படி'ன்னு கேக்கும், ரெண்டும் சாதாரணமா சொல்றதால எது நல்ல பதில்னு பிள்ளை யோசிக்காது, வாயத் திறக்காத பிள்ளை பொம்மையத் தொட்டுக் காட்டினாலே போதும்.

அதுக்காக ஒரு நாள் பதில வச்சு டீச்சர வேலைய விட்டுத் தூக்கக் கூடாது, தூக்கக் கலக்கத்துல எந்தப் பிள்ளையும் யாரையும் பிடிக்காதுன்னுதான் சொல்லும். அங்கன்வாடி டீச்சர்ஸ் பயிற்சில இப்படி கேக்கற விதத்த ஒரு வகுப்பா சேக்கலாமே, ரெண்டு கைப்பொம்மைக்கு என்ன பெருசா செலவாகிடப் போகுது.

ஒரு எல்கேஜி அம்மா,
மதுரை