கோயில் நிதியும் ஊர்ச்சங்கப் பணமும் எங்கே இருக்க வேண்டும்? வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வன்னியின் ஆலய பரிபாலன சபைகள், கமக்காரர் அமைப்புகள், பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாடுகளில் இருந்து இவற்றைத் தாங்கி நிற்கும் ஊர்ச்சங்கங்கள் ஆகியவற்றின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் கிராமம் ஒன்றின் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் பொருளாளர். சம்பளம் இல்லாத பொறுப்பு இது. ஊர்ப்பெண்கள் மாதாமாதம் கொண்டு வந்து தருகிற சேமிப்பை எண்ணி, எழுதி, கடனாகக் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பதுதான் வேலை. உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். உங்கள் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் பற்றுச்சீட்டு வாங்கியவள்தான் நானும்.

போன மாதம் எங்கள் கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. திருவிழாக் கணக்கு வாசித்து முடிந்ததும், நகரத்து வங்கிக் கிளையில் இருக்கும் நிலையான வைப்பு முதிரப் போகிற விஷயம் வந்தது. அதில் ஒரு பங்கை ஊரின் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தால் என்ன என்று பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார். "இது கோயில் காசு, பிள்ளை. பாதுகாப்பான இடத்தில இருக்க வேணும். நீங்கள் இருங்கோ" என்று பதில் வந்தது. அவர் உட்கார்ந்தார். வைப்பு அதே வங்கியில் புதுப்பிக்கப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. முழுவதும் ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அந்தப் பெண் ஏன் கேட்டார் என்று சபையில் யாருக்கும் தெரியாமல் இல்லை. என்றாலும் எழுதுகிறேன்.

அவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி வயல். கணவர் இல்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறார்கள். காலபோக (மாரிமழையை நம்பிய பெரும்போக நெல்) விதைப்புக்கு உழவு, விதைநெல், உரம், களைநாசினி, வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம் தேவைப்பட்டது. முதலில் போனது நீங்கள் வைப்பை வைத்திருக்கும் அதே வங்கிக் கிளைக்குத்தான். காணி அனுமதிப்பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டு போனார். மரியாதையாகத்தான் பேசினார்களாம். மாதச் சம்பளம் எடுக்கும் இரண்டு அரச உத்தியோகத்தர்களைப் பிணைக்குக் கொண்டு வரச் சொன்னார்கள், சம்பளச் சிலிப்போடு. வயலும் மாடும் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் அரச உத்தியோகத்தர் எத்தனை பேர்? இருந்த ஓர் ஆசிரியர் ஏற்கெனவே வேறு ஆட்களுக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். இன்னொருவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல முடியாமல் நாளைக் கடத்தினார். மழை காத்திருக்கவில்லை.

அப்புறம் எங்களிடம் வந்தார். எங்கள் சங்கத்தில் உறுப்பினர் இருவர் பிணை நின்றால் போதும். அவருக்கு இருபது பேர் பிணை நிற்பார்கள். வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், அதுவும் குறைந்து வரும் மீதிக்கு மட்டும். ஆனால் எங்கள் பெட்டியில் பணம் இல்லை. விதைப்புக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தேவை வரும். இருந்ததைப் பிரித்து அவருக்கு அறுபதாயிரம் கொடுத்தோம். மீதியைக் கிழமைக் கட்டுக்கு, அதாவது வாராவாரம் தவணை கட்டும் முறையில், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்திடம் வாங்கினார்.

நெல் நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் காசு தரும். கிழமைக் கட்டு ஏழு நாளைக்கு ஒருமுறை வரும். இந்த இரண்டும் ஒரு குடும்பத்துக்குள் எப்படிப் பொருந்தும்? முதலில் கோழி விற்றார். பிறகு ஆடு. பிறகு மற்றவர்களின் கச்சான் தோட்டத்தில் கூலிக்குப் போனார். தன் வயலில் களை எடுக்க வேண்டிய நாட்களை அடுத்தவர் தோட்டத்தில் கழித்ததால் விளைச்சலும் குறைந்தது. கட்டுத் தவறிய கிழமைகளில் குழுவில் இருந்த மற்றப் பெண்கள் அவருக்காகக் காசு போட வேண்டி வந்தது. அதோடு கதைபேச்சு நின்ற வீடுகளும் இருக்கின்றன. அறுவடைக்கு வெட்டு மெசின் வந்த அன்றே வியாபாரியின் லொறி வரம்போரம் நின்றது. காய வைத்து, மூடை கட்டி, விலை ஏறும் வரை வீட்டில் வைத்திருக்க அவரால் முடியவில்லை. ஈர நெல்லாகவே, வியாபாரி சொன்ன விலைக்கு, வயலில் வைத்தே போனது. கடன் கட்டியபின் அடுத்த போகத்துக்கு விதைநெல்கூட மிஞ்சவில்லை.

அவருக்குத் தேவைப்பட்ட மீதித் தொண்ணூறாயிரம் ரூபாய் எங்கேயோ இல்லாமல் இருக்கவில்லை. அவர் குடும்பமும் பெற்றோரும் உண்டியலில் போட்ட காசு சேர்ந்த அந்தக் கோயில் வைப்பில்தான் இருந்தது. அந்த வங்கி அதை எங்கே, யாருக்குக் கடனாகக் கொடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த நாட்டில் வங்கிக் கடனின் பெரும்பகுதி மேல் மாகாணத்துக்குத்தான் போகிறது என்பது மட்டும் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் இது: முதிர்வுக்கு வரும் உங்கள் நிலையான வைப்பில் மூன்றில் ஒரு பங்கை, உங்கள் ஊரின் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியிலோ வையுங்கள். முழுவதையும் கேட்கவில்லை. நன்கொடையாகவும் கேட்கவில்லை. வட்டியோடு திரும்பித் தருகிற வைப்பாகத்தான் கேட்கிறேன்.

நீங்கள் அதிகம் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஊருக்குள் நம்பி வைத்த காசும் அடகு நகையும் 2009இல் எப்படிப் போயின என்று வன்னியில் எந்த வீட்டுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்க்காலத்தில் மீட்டதாகச் சொல்லி இராணுவம் வைத்திருந்த நகைகள் 2025இல்தான் பொலிஸாரிடம் கையளிக்கப்பட்டன. எந்த நகை யாருடையது என்ற பட்டியலுக்காக எங்கள் அம்மாவின் தலைமுறை இன்னமும் காத்திருக்கிறது. அதனால்தான் பெரிய கட்டடமும் கண்ணாடிக் கதவும் காவலாளியும் இருந்தால் மனம் ஆறுகிறது. புரிகிறது.

ஆனால் பாதுகாப்பு என்றால் என்ன என்று நிதானமாகப் பார்ப்போம். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபாய் வரைக்கும்தான். பெரிய சபைகளின் வைப்பு அதைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. கூட்டுறவுச் சங்க வைப்புகளுக்கு அந்தக் காப்புறுதி இல்லை என்பதும் உண்மை. அதை மறைத்து உங்களிடம் பணம் கேட்பது நேர்மையாகாது. அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு என்கிறேன். எங்களுக்கு வேறு பாதுகாப்பு உண்டு. கடன் யாருக்குப் போனது, எதற்குப் போனது, யார் பிணை என்பதெல்லாம் உறுப்பினர் எல்லோருக்கும் தெரியும். கூட்டுறவுத் திணைக்களம் கணக்காய்வு செய்கிறது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் பொதுக்கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். வங்கியின் வருடாந்தக் கூட்டத்தில் உங்கள் சபைத் தலைவர் எழுந்து ஒரு கேள்வி கேட்க முடியுமா? எங்கள் கூட்டத்தில் கேட்கலாம். கேட்க வேண்டும்.

கவனயீனத்தாலும் களவாலும் கெட்டுப்போன கூட்டுறவுச் சங்கங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. கடைசிக் கணக்காய்வு அறிக்கையைக் காட்டாத சங்கத்தில் ஒரு சதமும் வைக்காதீர்கள். நிலுவைக் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். சங்கத்தின் துணைவிதி எவ்வளவு வைப்பை ஏற்க அனுமதிக்கிறது என்று கேளுங்கள். உங்களைப் போன்ற பெரிய வைப்பாளர்கள் கேட்கத் தொடங்கினால் தூங்குகிற சங்கங்களும் எழும்பும்.

இரண்டாவது காரணமாக, வங்கியில் வட்டி கூட என்று சொல்கிறீர்கள். 2022 நெருக்கடியில் நிலையான வைப்பு வட்டி 20 வீதத்தையும் தாண்டியபோது அதை விட்டுவிட்டு எங்களிடம் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. 2024க்குள் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. இப்போது வங்கி தருகிற அளவை எங்கள் சங்கமும் தர முடியும். கடன் பெற்றவர் ஒழுங்காகக் கட்டும்போது அது எங்களுக்குப் பாரமே இல்லை.

புலம்பெயர்ந்த உறவுகளே, இது உங்களுக்குப் புதிய விஷயமும் அல்ல. சுவிஸில் இருக்கும் பலர் ரைஃபைசன் வங்கியில் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அது கூட்டுறவு வங்கிதான். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கிராமங்களில் கமக்காரர் வட்டிக்காரர்களிடம் அகப்பட்டு அழிந்தபோது ரைஃபைசன் என்பவர் தொடங்கிய முறையில் வந்தது. அமெரிக்காவில் 2011இல் ஒரு பெரிய வங்கி, டெபிட் அட்டைக்கு மாதம் 5 டொலர் கட்டணம் என்று அறிவித்தது. கோபப்பட்ட சாதாரண மக்கள் நவம்பர் 5ஆம் திகதியை, பெரிய வங்கிகளில் இருந்து உள்ளூர்க் கடன் சங்கங்களுக்குப் பணத்தை மாற்றும் நாளாக அறிவித்தார்கள். அந்த நாள் வருவதற்கு முன்னமே வங்கி கட்டணத்தைக் கைவிட்டுவிட்டது. வைப்பாளர் ஒன்றாக எழும்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதும்.

அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1911இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1929இலேயே கூட்டுறவு வங்கி தொடங்கிவிட்டது. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் வன்னிக் குடும்பங்களுக்கு நிவாரண அரிசியும் மாவும் பங்கிட்டது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள்தான். இன்றைக்கு ஏ9 வீதியில் வரிசையாக நிற்கும் கிளைகளில் எத்தனை அப்போது இங்கே இருந்தன? போர் முடிந்து, வீதி திறந்து, எங்கள் கையில் மீள்குடியேற்றக் காசும் வெளிநாட்டுக் காசும் வந்தபிறகு வந்தவர்கள்தான் பெரும்பாலும். வைப்பு எடுக்க வந்தார்கள், நகை அடகு பிடிக்க வந்தார்கள். பின்னாலேயே லீசிங்காரரும் கிழமைக் கடன்காரரும் வந்தார்கள். தவணை கட்ட முடியாமல் லான்ட்மாஸ்டர் என்ற சிறிய உழவு இயந்திரத்தைப் பறிகொடுத்த வீடுகளை எங்கள் ஒழுங்கையிலேயே காட்டுவேன். 2018இல் அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் தவித்த ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. நிறுவனங்களின் வட்டிக்கு உச்சவரம்பும் வைத்தார்கள்: 35 வீதம். ஏழைப்பெண்ணுக்குச் செய்யும் நிவாரணமே 35 வீதம் என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். 2024 பாதீட்டிலோ வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். எங்கள் சங்கப் பெட்டியைப் பலப்படுத்த யார் ஒதுக்கினார்கள்? கூட்டுறவு மாகாணத்துக்குரிய விடயம் என்கிறார்கள். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தலே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

சரி, அரசைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் இந்த மடல் முடியாது. நான் எழுத வந்தது உங்களுக்கு. அரசு தராவிட்டாலும் நீங்கள் தர முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

கமக்காரர் அமைப்பினரிடம் தனியாக ஒன்று. எங்கள் வயல்களுக்குப் பாயும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வெளியே கொண்டுபோகும் திட்டம் வந்தபோது எங்கள் வயலுக்கு என்ன கதி என்று எழுந்து நின்று கேட்டவர்கள் நீங்கள். அதே கேள்வியை உங்கள் வைப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். கமக்காரரின் காசு, விதைப்பு மாதத்தில் கமக்காரருக்கு எட்டாத இடத்தில் இருக்கலாமா?

ஆலய சபையினருக்கும் ஒன்று. அன்றைக்குக் கூட்டத்தில் உட்காரச் சொன்ன விதம் சரியில்லை. திருவிழாவுக்கு நெல்மூடை தந்தபோது அந்தப் பெண்ணின் கை கோயிலுக்கு வேண்டியதாக இருந்தது. கணக்குக் கேட்டபோது அவர் குரல் வேண்டாததாகிவிட்டதா? மனம் நோக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதிலைச் சொல்லுங்கள்.

மறுபடியும் கேட்கிறேன். முதிர்வுக்கு வரும் வைப்பில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு வருடத்துக்கு மட்டும், உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில். ஒரு வருடம் முடிய வட்டியோடு எடுத்துப் பாருங்கள். திருப்தி இல்லை என்றால் பழைய வங்கிக்கே கொண்டு போங்கள், நாங்கள் தடுக்கப் போவதில்லை. விதைப்பு தொடங்கும் ஒக்டோபருக்கு முன் இதைத் தீர்மானிக்க ஒரு விசேட பொதுக்கூட்டம் கூட்டுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கணக்குப் புத்தகங்கள், கடைசிக் கணக்காய்வு அறிக்கை, நிலுவைக் கடன் பட்டியல் எல்லாவற்றையும் கொண்டு தலைவரும் செயலாளரும் நானும் அந்தக் கூட்டத்துக்கு வருவோம். திகதியை மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்ணும்
சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளரும்