டோபி தாத்தாவுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

போன சனிக்கிழமை எங்கள் பிள்ளைகள் நாடகத்தை நல்லபடியாகப் போட்டு முடித்தார்கள். இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்திலிருந்து மூன்றாம் படிவம் வரை 14 பேர், ஐந்து மாதப் பயிற்சி, 35 நிமிட நாடகம். "எங்க பேரெல்லாம் போடாதீங்க சார்" என்று உதவி செய்த நீங்கள் எல்லாரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இங்கேயும் பெயர் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில், துணி வெளுக்கும் நம் டோபி தாத்தா.

கண்ணாடி விளையாட்டில்தான் பயிற்சியைத் தொடங்கினேன். எதிரெதிரே இருவர் நின்று, ஒருவர் செய்வதை மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்க அம்மையார் சிகாகோவில் பிள்ளைகளோடு வேலை செய்தபோது உருவாக்கிய நாடக விளையாட்டுகளில் ஒன்று. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் கதைக்குள் வந்ததும் பழையபடி கையை ஆட்டி வசனம் ஒப்பித்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கதை பினாங்கு டோபிகளைப் பற்றியது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடத் துணியைக் கையால் துவைத்ததில்லை.

அதனால்தான் அவர்களை 'டோபி காட்' என்ற சலவைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆயர் ஈத்தாம் ஆற்றோரத்தில், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நம் ஆட்கள் சலவை செய்த இடம். தாத்தா, உங்கள் முன்னால் ஒரு இரண்டாம் படிவப் பையன் இல்லாத துணியை இல்லாத கல்லில் அடித்துக் காட்டினான். நீங்கள் சிரித்துவிட்டு, "என்னடா தம்பி, கைக்குட்டையா துவைக்கிற?" என்று கேட்டு, ஒரு போர்வையை வாளித் தண்ணீரில் முக்கி அவன் கையில் கொடுத்தீர்கள். தூக்கும்போதே அவன் முதுகு வளைந்தது, கால் அகன்றது, அடிக்கும் முன் ஒரு மூச்சை இழுத்தான். அப்புறம் போர்வையை வாங்கிக்கொண்டு, "இப்ப சும்மா செய்" என்றீர்கள். முதுகு அதேபோல வளைந்தது. ஆறு வாரமாக நான் தொண்டை வறளக் கத்தியும் வராதது அது.

அடிக்கும்போது நீங்கள் விடும் "ஹூஸ்" சத்தத்தையும் திருடிக்கொண்டோம். மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்காமல் பேசிய ஒரு முதல் படிவப் பிள்ளையை, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அப்படி மூச்சு விடச் சொன்னேன். குரல் வயிற்றிலிருந்து வந்தது. சனிக்கிழமை கடைசி வரிசையில் நின்ற அவள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டிருக்கிறது.

கேண்டீன் அக்கா, ஒத்திகைதோறும் மீ கோரேங் நூடுல்ஸ் கொடுத்ததற்கு மட்டுமல்ல நன்றி. பாத்திரம் கழுவிக்கொண்டே, "டோபி வீட்ல யாரு சார் 'உணவருந்தினாயா'ன்னு கேட்டா? 'பசியாறிட்டியா'ன்னுதானே கேப்பாங்க" என்றீர்களே, அன்றிரவு உட்கார்ந்து பாதி வசனத்தை மாற்றி எழுதினேன். பிள்ளைகள் வசனத்தை மறப்பதும் அதோடு நின்றது.

பேசியிருந்த மண்டபம் கடைசி வாரத்தில் கைவிரித்தபோது எங்களுக்காகப் பள்ளி மண்டபத்தைக் கேட்டு வாங்கித் தந்தவர் மலாய் ஆசிரியை. பெற்றோர் கூட்டத்திலும் எழுந்து பேசினார்: இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் பங்சாவான் என்ற மலாய் நாடகம் இந்தப் பினாங்கில் பிறந்தது, இந்த ஊரில் நாடகம் வேண்டாம் என்று சொல்லலாமா என்று கேட்டார். தெரிமா காசே, சிக்கு (நன்றி, டீச்சர்). (அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நாடகம், விளையாட்டு போன்ற புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு மதிப்பெண் உண்டு என்று நான் சொன்ன கணக்கைவிட அந்தப் பேச்சுதான் எடுபட்டது.)

விளக்கு போட்ட அண்ணனுக்கும், வேனில் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்ட இரண்டு அப்பாக்களுக்கும், வேட்டி சேலை இரவல் தந்த லிட்டில் இந்தியா கடைக்காரருக்கும் நன்றி. ஒரு வேட்டியில் மஞ்சள் கறை பட்டுவிட்டது. தாத்தாவிடம் கொடுத்திருக்கிறேன், போய்விடும் என்கிறார்.

தாத்தா, உங்கள் கரி இஸ்திரிப் பெட்டி இன்னும் என் காரில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். அந்தப் பையனும் வருவானாம், பெட்டியை அவன்தான் தூக்கி வருவேன் என்கிறான்.

அன்புடன்,
நாடகப் பயிற்சி ஆசிரியர், பினாங்கு