கரையில் காத்திருக்கும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு,

இராமேஸ்வரம் மீனவர்கள் மீண்டும் கைதானது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். படகு எத்தனை, ஆட்கள் எத்தனை என்ற கணக்கு வந்துவிடுகிறது; வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளின் கணக்கு வருவதில்லை. பாம்பன் பக்கம் நான் ஆசிரியையாக இருந்தபோது, நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பத்து நாளாக எதையும் எழுதவில்லை. வெளியே நிற்க வைத்தேன். அவன் அப்பா இலங்கைச் சிறையில் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அதிர்ச்சியில் இருக்கும் பிள்ளை பார்ப்பவர் கண்ணுக்கு அடம்பிடிப்பது போலவோ மந்தமாகவோதான் தெரியும். அதை அடையாளம் காணும் பயிற்சி ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் காவலர்களுக்கும் தேவை. பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார், கேள், உதவியோடு இணை என்ற மூன்று படிகளைத்தான் சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் மறுபடி கடலுக்குப் போகும் முன், மாவட்ட நிர்வாகம் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் இந்தப் பயிற்சியை நடத்தி முடிக்கலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாம்பன்