2015ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: பொன்விழா ஆண்டில் நம் வாசகர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் நடந்த கூட்டங்களை வரிசையாக வாசித்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, கடைசியில் தேநீருக்கு அழைப்பதுதான் வழக்கம். இந்த வருஷம் அப்படி எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஜனவரியில் நாம் போட்ட ஏழு நிகழ்ச்சிகளில் குறித்த தேதியில் நடந்தவை மூன்றே மூன்று. மற்ற தேதிகளை நாடு எடுத்துக்கொண்டது. சிங்கப்பூருக்கு 50 வயது ஒரு தடவைதானே வரும், அதனால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏன் நடக்கவில்லை என்று எழுதப்போனால் நாட்டில் நடந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 28 சனிக்கிழமை சிறுகதைப் பயிலரங்கு என்று சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டது. 23ஆம் தேதி திங்கட்கிழமை விடியற்காலையில் நம் முதல் பிரதமர் லீ குவான் இயூ தமது 91வது வயதில் காலமானார். ஒரு வாரம் தேசிய துக்கம். பயிலரங்கை ரத்து செய்யலாமா என்று செயற்குழுவில் யாரும் யாரையும் கேட்கவே இல்லை. சுவரொட்டியை மட்டும் யாரோ கிழித்து எடுத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை இரவு நம் உறுப்பினர்கள் ஒன்பது பேர் பாடாங் திடலில் வரிசையில் நின்றோம். நாடாளுமன்றக் கட்டடத்தில் நல்லுடல் வைக்கப்பட்டிருந்தது. அந்த நான்கு நாளில் அங்கே வந்தவர்கள் நாலரை லட்சம் பேருக்கும் மேல் என்று பிறகு தெரிந்தது. அன்று இரவு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகுதான். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியவர், எண்பதைத் தாண்டியவர், எங்களோடு வந்திருந்தார். முதியோருக்குத் தனி வரிசை இருக்கிறது, வாருங்கள் என்று தொண்டூழியர் பையன் கையைப் பிடித்தான். "வேண்டாம்பா, இவங்க கூடத்தான் வந்தேன், இவங்க கூடவே போறேன்" என்று சொல்லிவிட்டார்.

விடியும்வரை அவர் அரசியல் பேசவில்லை. தண்ணீர்க் குழாயைப் பற்றித்தான் பேசினார். அந்தக் காலத்துக் கம்பத்தில், அதாவது கிராமக் குடியிருப்பில், அவர்கள் வரிசை முழுவதற்கும் ஒரே குழாய். விடிகாலை நாலு மணிக்கு வாளி வைத்து இடம் பிடிக்க வேண்டும். பிறகு புக்கிட் மேராவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்தபோது அவர் மனைவி சமையலறைக் குழாயைத் திறப்பதும் மூடுவதும் மறுபடி திறப்பதுமாக இருந்தாராம். "தண்ணி காசு ஆகும்டீன்னு சத்தம் போட்டேன். இப்ப நினைச்சா சங்கடமா இருக்கு" என்றார். உள்ளே போய்ச் சேர்ந்தபோது வணங்கி நிற்கச் சில விநாடிகள்தான் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஊர்வலத்தின்போது பெய்த மழையை நான் விவரிக்கத் தேவையில்லை, எல்லோரும் நனைந்தோம். தமிழ்நாட்டில் மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில்கூட லீ குவான் இயூவுக்கு அஞ்சலிப் பதாகை வைத்தார்கள். அங்கிருந்து இங்கே வந்து உழைத்த குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும்.

ஏப்ரலில் தமிழ் மொழி விழாவை ஒட்டிய நம் கவியரங்கம் நடந்தது. பரவாயில்லை. கவிஞர்கள் அதிகம், கேட்பவர்கள் குறைவு.

மே மாதம் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். மகளிர் பிரிவு ஏற்பாடு செய்த அந்தச் சுற்றுலா இந்த வருஷத்தின் உருப்படியான நிகழ்ச்சிகளில் ஒன்று. அங்கே 19ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு நிலைக்கதவு ஒன்று இருக்கிறது. அதில் 5,000 சின்னச் சின்னச் சிற்பங்கள். மற்ற தளங்களைப் பத்து நிமிடத்தில் முடித்த நம் மகளிர் அந்தக் கதவைவிட்டு நகரவில்லை. வழிகாட்டி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கம்பீரமாக நின்ற அந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பவர் யார் என்பதுதான் அவர்களுடைய முக்கியமான கேள்வி.

விளையாட்டுக்கு வருகிறேன். ஜூனில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கேயே நடந்தன. சின்னமாக ஒரு சிங்கம், பெயர் நிலா. சிங்கத்துக்கு எதற்கு நிலா என்று பெயர் என்று நம் பாலர் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். அது சிங்கப்பூருக்குப் பெயர் வைத்ததாகச் சொல்லப்படும் இளவரசர் சாங் நீல உத்தமனின் பெயரிலிருந்து வந்தது, வானத்து நிலா இல்லை என்று ஆசிரியை விளக்கினார். பிள்ளைகளுக்குத் திருப்தி இல்லை. அடுத்த வாரம் எல்லோரும் சிங்கத்தையும் பக்கத்தில் ஒரு பிறைநிலாவையும் வரைந்து கொண்டுவந்தார்கள்.

தேசிய விளையாட்டரங்கில் பெண்கள் 200 மீட்டர் ஓட்டத்தைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கிப் போனோம். கச்சாங்பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் முடிந்துவிட்டது. சாந்தி பெரேரா, 18 வயது, 23.60 விநாடி, தங்கம். அந்த ஓட்டத்தில் 1973இல் குளோரி பர்னபஸ் வென்ற பிறகு 42 வருஷம் கழித்து நமக்குக் கிடைத்த தங்கம். பக்கத்து இருக்கை சீனப் பாட்டி ஒருவர் நம் பொருளாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பொருளாளர் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. மொத்தம் 84 தங்கம். அதில் ஒன்பது ஜோசப் ஸ்கூலிங் நீச்சலில் எடுத்தவை. ஆண்கள் நீர்ப்பந்தில் 1965 முதல் விடாமல் வாங்கிவந்த தங்கத்தை இந்த முறையும் வாங்கினார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, பழகிவிட்டிருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த வருஷத்தின் ஆட்டம் ஜூன் 16தான். ஜப்பானின் சைத்தாமாவில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று. காப்பிக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஜப்பான் அடித்துக்கொண்டே இருந்தது, கோல்காவலர் இஸ்வான் மாபுட் தடுத்துக்கொண்டே இருந்தார். 0-0. கடைக்காரர் எங்கள் மேசைக்குக் காசு வாங்கவில்லை. நவம்பரில் அவர்கள் இங்கே வந்து 3-0 என்று கணக்குத் தீர்த்தார்கள். அன்று காசு வாங்கினார்.

ஜூலையில் பூமலை என்னும் நம் தாவரவியல் பூங்கா யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. அதே மாதம் தமிழ் முரசுக்கு 80 வயது. சாரங்கபாணி தொடங்கிய பத்திரிகையை நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று கைதூக்கச் சொன்னேன். எண்ணிக்கையை இங்கே எழுத வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

தேசிய தினத்தன்று பாடாங் அணிவகுப்பில் லீ குவான் இயூ அமர வேண்டிய இருக்கையில் ஆர்க்கிட் மலர்க்கொத்தை வைத்திருந்தார்கள். நாங்கள் புளோக் கீழ்த்தளத்தில் திரை கட்டிப் பார்த்தோம். நம் மூத்த உறுப்பினர் அன்று வரவில்லை. கால் வீக்கம்.

செப்டம்பர் 11 வெள்ளி மாலை நூல் கலந்துரையாடல் வைத்திருந்தோம். பொதுத்தேர்தல் அதே நாளில் வந்தது. நம் சங்கம் எந்தக் கட்சியும் சாராதது, ஆகவே முடிவை மட்டும் பதிவு செய்கிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக 89 இடங்களுக்கும் போட்டி. மக்கள் செயல் கட்சிக்கு 83, பாட்டாளிக் கட்சிக்கு 6. அல்ஜுனிட் தொகுதியில் மறு எண்ணிக்கை வரை போனது. 2011இல் 60 விழுக்காடாக இருந்த ஆளுங்கட்சி வாக்கு கிட்டத்தட்ட 70க்கு ஏறியது. துக்கமும் பொன்விழாவும்தான் காரணம் என்று காப்பிக்கடையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மூத்தவர்களுக்கு மருத்துவச் சலுகை தரும் முன்னோடித் தலைமுறை அட்டையை மருந்தகத்தில் நீட்டிய முதியவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் மீதிப் பாதியைச் சொல்வார்கள்.

பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில், 1991இல் அது உருவானதிலிருந்து இதற்கு முன் ஒரு தேர்தலிலும் போட்டியே இருந்ததில்லை. அங்கே வசிக்கும் நம் துணைத் தலைவர் 45 வயதில் முதல் தடவையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியதும் பெருக்கல் குறியைப் பெட்டிக்குள் எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று குழம்பி நின்றாராம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்!

அதே மாதம் 26ஆம் தேதி கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் குடும்ப தினம். முதல் நாள் புகைமூட்டத்தால் பள்ளிகளையே மூடிவிட்டார்கள். நாமும் ரத்து செய்தோம். உணவு ஏற்பாட்டாளர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. பேர் வேண்டாம், பொருளாளர் கணக்கில் நட்டமாகக் காட்டியிருக்கிறார். தீபாவளி ஒன்றுகூடல் நல்லபடியாக நடந்தது. முறுக்கு மட்டும் போதவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். மார்ச் மாத வரிசையில் முகம் தெரியாத ஒருவர் எங்களுக்கு மூன்று குடைகள் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை மழையில் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நம் மூத்த உறுப்பினரை வீடு கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவை இன்னும் சங்க அலமாரியில் இருக்கின்றன. உரியவரைக் கண்டுபிடிக்க வழியில்லாததால் அவற்றைச் சொத்துப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை இந்தப் பொதுக்கூட்டம் முடிவு செய்ய வேண்டுகிறேன். ஒன்றின் கம்பி வளைந்திருக்கிறது.

செயலாளர்